தூணின் தலைக்கு வெள்ளை அடித்த அக்கா

அக்கா எதையும் ஒருவரிடம் மட்டும் கேட்டு நம்பியதில்லை. நேரம் என்ன என்று என்னிடம் கேட்பார். சொல்வேன். தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போய்க் காவலாளியிடமும் கேட்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தைச் சொன்னால்தான் சோற்றுப் பார்சலைப் பிரிப்பார். ஐந்து நிமிடம் வித்தியாசம் இருந்தால் திரும்பி வந்து, "ஆரின்ர மணிக்கூடு பிழை?" என்று என் மேசைக்கு முன்னால் நிற்பார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயருக்கு நான் செய்தது போதும்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டில் பழைய மாளிகை ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படைத் தளபதி குடியிருந்த இடம். நான் வேலை பார்த்த காலத்தில் அது அரசாங்க விருந்தினர் விடுதி. அங்கே நான் பிரதம இலிகிதர், எழுத்து வேலைகளுக்குத் தலைவன். ஆங்கிலம் தெரிந்தவன் என்பதால் மொழிபெயர்ப்பு வேலையும் என் தலையில்தான். அக்கா பூங்காவைக் கூட்டித் துப்புரவாக வைத்திருக்கும் தொழிலாளி. சல்லிக் கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றித் தண்ணீர்க் குழாயில் மாட்டிவிடுவார். மாலை வரை வெறுங்கால்தான். கட்டையான, கறுத்த உடம்பு. யாராவது ஏதாவது சொல்லும்போது இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் அவர்களைப் பார்ப்பார். முதலில் எனக்கு அது கேலியாகப் பட்டது.

பூங்காவின் ஓரத்தில், கடலைப் பார்த்து அந்தத் தூண் நின்றது. கருஞ்சாம்பல் நிறக் கல். அதன் உடம்பில் மூன்று வரிசையாகக் கப்பல் முகப்புகள் வெண்கலத்தில் துருத்திக்கொண்டிருக்கும். உச்சியில் கல்லால் செய்த ஒரு கிரீடம். அடியில் நான்கு பக்கமும் செப்புத் தகடுகள். எந்தக் கடலில் எந்தத் தளபதி எத்தனை கப்பலை மூழ்கடித்தான் என்று அவற்றில் வெட்டியிருக்கும். மூன்று மொழியில் ஒரு விளக்கப் பலகை வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது, தகடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா விளக்குமாற்றோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ன ஐயா அதில எழுதிக் கிடக்கு?"

"கடற்படை வெண்ட சண்டையள் அக்கா. எத்தினை கப்பலைத் தாட்டவை எண்டு."

"தாண்டு போன ஆக்களின்ர பேரும் கிடக்கோ?"

"இல்லை."

"தாட்டவை பத்திரமாத் திரும்பி வந்தவையோ?"

"அதுவும் எழுதேல்லை."

ஒரு கண்ணை மூடித் தகட்டைப் பார்த்தார். "அப்ப இது ஒரு பக்கத்து ஆள் மட்டும் சொன்ன கதை" என்றார். விழுந்திருந்த வாகைப் பூக்களைக் கூட்டிக்கொண்டு அப்பால் போய்விட்டார்.

ஆனால் அந்தத் தூணை அவரைப் போல யாரும் கவனித்ததில்லை. ஒவ்வொரு ஐப்பசியும் மழைக்கு முன்னால், தென்னை ஏறும் ஒருவரைக் கூட்டிவந்து, ஏணி போட்டு அதன் தலைக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பித்தார். கீழே நின்று, "அங்கால, அங்கால, அந்தப் பக்கம் இன்னும் கறுப்பாக் கிடக்கு" என்று கத்துவார். முன்னால் வளர்ந்த சவுக்கின் கிளைகளையும் யாரையும் கேட்காமல் வெட்டுவிப்பார். புராதனக் கல்லில் சுண்ணாம்பு பூசக்கூடாது என்று சட்டம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் காணாததுபோல் இருந்திருக்கிறார்கள். நான் புதிதாக வந்தவன். கூப்பிட்டுக் கேட்டேன்.

பதில் சொல்லாமல் விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவினார். ஒன்றை என் மேசை விளிம்பில் நிறுத்திப் பிடித்தார். மற்றதை அதற்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.

"ஒரு கண்ணை மூடிப் பாருங்கோ. ரெண்டும் ஒண்டாத் தெரியுதோ?"

"தெரியுது."

"இப்ப கொஞ்சம் அரக்கி, அங்கால தள்ளி இருங்கோ. ரெண்டாப் பிரியும். முன் ஈர்க்குத் தூணின்ர தலை. பின் ஈர்க்கு அங்க பின்னால குன்றில தெரியிற வெட்டு. ரெண்டும் ஒண்டாத் தெரியிற நேரான பாதையில வந்தாத்தான் கீழ துறைக்கு வரலாம். அங்கால இஞ்சால முழுக்கக் கல்லு. மழைக்காலத்தில ஒண்டும் தெரியாது ஐயா. வெள்ளைத் தலை மட்டும்தான் தெரியும்."

"நீங்கள் கடலுக்குப் போறனீங்களோ?"

"எனக்குக் கடலில தலை சுத்தும். என்ர மனுசன் போறவர். வந்து, தலை தெரியேல்லை எண்டு பேசுவார். நான் வெள்ளை அடிப்பன். கடலில அவற்ற வேலை, கரையில என்ர வேலை."

அவர் ஏன் ஒரு கண்ணால் மனிதரைப் பார்க்கிறார் என்று அன்றைக்கு விளங்கியது. சுண்ணாம்பைப் பற்றிப் பிறகு நான் கேட்கவில்லை.

மகளுக்குச் சம்பந்தம் வந்தபோது நிலாவெளிக்கு இரண்டு பேரை அனுப்பி மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பித்தார். இரண்டு பேரும் தங்கமான பொடியன் என்று வந்து சொன்னார்கள். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். "ரெண்டு பேரும் நல்லவன் எண்டுதானே சொல்லினம்?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லினம் ஐயா. ஒரே தேத்தண்ணிக் கடையில கேட்டிருக்கினம். ஒரே இடத்தில நட்ட ரெண்டு கம்பால என்ன பிரயோசனம்?" என்றார்.

ஒரு முறை பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தை மாற்றியிருந்தார்கள். நாளை விடுமுறை என்று சொன்னேன். ஓம் என்று கேட்டவர் நேரே போய்க் காவலாளியையும் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "என்னை நம்பேல்லையோ?"

"நம்பாட்டி உங்களிட்டக் கேட்டிருக்கவே மாட்டன்."

சண்டை முடிந்து ஊர் திறந்த பிறகு மாளிகையைத் திருத்தும் வேலை தொடங்கியது. வெளியிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். தூண் ஓரத்தில் நிற்பது அழகில்லை, முன்வாசலுக்கு நேரே புல்வெளியின் நடுவில் நிற்க வேண்டும் என்றார். வரைபடத்தில் முப்பது அடி. அக்கா அன்று மாலையே என்னிடம் வந்தார்.

"ஐயா, ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. கரையில முப்பது அடி அரக்கினா, கல்லுக் கிட்ட அது எவ்வளவோ தூரம் அரக்கும். போட் நேராக் கல்லில ஏறும்."

அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. பொறியியலாளருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டியது நான். அடுத்த மாதம் என் பதவி உயர்வுக் கோவை மேலே போகவிருந்தது. எல்லாருக்கும் கரைச்சல் கொடுக்கிற ஆள் என்று பெயர் எடுக்க விருப்பமில்லை. மூன்று பக்கத்தை இரண்டு வரியாக்கினேன். தோட்டத் தொழிலாளி ஒருவர் தூணின் மீதுள்ள பற்றினால் அது பழைய இடத்திலேயே இருக்க வேண்டும் என விரும்புகிறார். ஊர்மக்களிடமிருந்து வேறு ஆட்சேபம் இல்லை. இதுதான் நான் எழுதியது. இதில் மொழிபெயர்ப்புப் பிழை ஏதும் இல்லை. தெரிந்து எழுதியது.

தூணை அரக்கினார்கள். மணல் வீசிக் கழுவி, மினுக்கி, திறப்பு விழாவுக்காகக் கிரீடத்துக்கு வெள்ளைப் பெயின்டும் அடித்தார்கள். இத்தனை வருடம் அதன் தலையை வெளுக்கப் பாடுபட்டவர் இப்போது அதைக் கறுப்பாக்கச் சொல்லிக் கெஞ்சினார். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு காலையில் வந்து பார்த்தால் தூணின் தலையில் ஒரு பழைய சாக்கு. தென்னை ஏறுகிற ஆளை மறுபடி கூட்டி வந்திருக்கிறார். எங்கள் விடுதிப் பொறுப்பாளர் கத்தினார். அக்கா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பிழையான இடத்தில நிண்டு வா வா எண்டு கூப்பிடுது ஐயா. வாயைக் கட்டிவிட்டிருக்கிறன்."

சிரித்தோம். நானும் சிரித்தேன். சாக்கை அவிழ்த்தார்கள்.

அதன் பிறகு அவர் லீவு போட்டார். சல்லிக்கும் நிலாவெளிக்கும் போய், ஒவ்வொரு துறையாக நின்று, தூண் அரக்கியாச்சு, அதைப் பார்த்து வராதேங்கோ என்று சொன்னார். அவர் சொன்னது போதாது என்று ஒவ்வொரு துறைக்கும் பின்னால் வேறொரு ஆளையும் அனுப்பினார். மூதூர் மட்டும் மிஞ்சியிருந்தது. மூதூர் முஸ்லிம் ஆட்களின் படகுகள் மழைக்காலம் தொடங்கினால்தான் எங்கள் துறைக்கு மீன் இறக்க வரும். என் மனைவி அப்போது மூதூரில் ஆசிரியை. ஒவ்வொரு வெள்ளியும் நான் லோஞ்ச் படகில் போய், ஞாயிறு திரும்புவேன்.

"ஐயா, நீங்கள் வெள்ளிக்கிழமை போறனீங்கள்தானே. துறையில ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. லீவு முடிஞ்சுது, எனக்குப் போக ஏலாது."

"சொல்லிவிடுறன். ரெண்டாவது ஆளா ஆரை அனுப்பப் போறியள்?" கேலியாகத்தான் கேட்டேன்.

அவர் கண்ணை மூடவில்லை. இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆரும் வேண்டாம். உங்களைப் போலப் படிச்ச ஆள் சொன்னா ரெண்டு பேர் சொன்ன மாதிரி."

அவர் ஒரே ஒருவரை நம்பி அனுப்பியதாக நான் அறிந்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் வெள்ளி நல்ல மழை. கையில் பை, குடை. மீனவர் துறைக்குப் போக லோஞ்ச் வந்து நிற்கும் இடத்திலிருந்து பத்து நிமிட நடை. அடுத்த கிழமை போவோம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அக்கா கேட்டார். "சொன்னனீங்களோ ஐயா?" "ஓம்" என்றேன். எப்படியும் சொல்லத்தானே போகிறேன் என்ற எண்ணத்தில் வந்த ஓம் அது. ஆனால் ஓம் என்று சொன்னதும் அந்த வேலை பாதி முடிந்ததுபோல் ஆகிவிட்டது. இரண்டாவது வெள்ளி லோஞ்ச் பிந்தியது. மூன்றாவது வெள்ளி துறைக்குத் திரும்பும் சந்தி வரை போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஏன் அரக்கினவை, ஆர் விட்டது என்று கேட்பார்கள். அந்த இரண்டு வரி ஞாபகம் வந்தது. சந்தியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தேன்.

கார்த்திகை மாதம், காலை ஏழு மணியளவில், மழை மூட்டத்துக்குள் மூதூர்ப் படகு ஒன்று எங்கள் துறையை நோக்கி வந்தது. அந்தப் பருவத்தில் அவர்களின் முதல் வரவு. வெள்ளைத் தலையையும் குன்றின் வெட்டையும் ஒன்றாக வைத்து, பழைய கணக்கில் சரியாகத்தான் வந்திருக்கிறார்கள். படகு கல்லில் ஏறிப் பிளந்தது. அதில் மூன்று பேர். இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு இருபத்தாறு வயது. அடுத்த நாள் உடலைக் கண்டெடுத்தார்கள்.

விசாரணை எங்கள் அலுவலகத்தில் நடந்தது. ஓர் அதிகாரி வந்திருந்தார். குறிப்பு எழுத என்னை இருத்தினார்கள். இறந்தவரின் காக்கா, அதாவது மூத்த சகோதரர், கதிரையில் இருக்க மறுத்து நின்றுகொண்டே பேசினார்.

"சல்லிக்காரனுக்குத் தெரியும். நிலாவெளிக்காரனுக்குத் தெரியும். எங்களுக்கு மட்டும் ஏன் தெரியல்ல? இந்தப் பொம்பிள உங்கட ஆக்களுக்கு மட்டும் சொல்லியிருக்கா. நாங்க செத்தாப் பரவாயில்ல எண்டுதானே?"

"மூதூருக்கு ஆர் சொன்னது?" என்று அதிகாரி கேட்டார்.

அக்கா இடது கண்ணை மூடினார். முதலில் அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு, தலையை அசைக்காமல், அவருக்குப் பின்னால் மேசையில் இருந்த என்னைப் பார்த்தார். சொன்னேன் என்ற என்னையும் கேட்கவில்லை என்ற அவரையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவில் மை கசிந்து விரலில் பட்டது நினைவிருக்கிறது. வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது.

"நான் போயிருக்க வேணும்" என்றார் அக்கா. "போகேல்லை. என்ர பிழை."

அதை எழுதிக்கொண்டேன். ஆங்கிலத்திலும் கொடுத்தேன். அவர் சொன்னவற்றில் ஒரு சொல்லும் குறைக்காமல் நான் மொழிபெயர்த்தது அந்த ஒன்றைத்தான்.

தன்ர ஆக்களுக்கு மட்டும் சொன்னவ. அந்தச் சொல் அவரோடு ஒட்டிக்கொண்டது. மூதூர் வியாபாரிகள் சந்தையில் அவருக்கு மீன் நிறுக்க மாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தமிழ் ஆட்களில் சிலர் அதைப் புகழ்ச்சிபோலச் சொன்னார்கள். "எங்கட அக்கா எங்களை விட்டுக்குடுக்கமாட்டா" என்று ஒருவன் துறையில் சொன்னபோது, அவர் கையிலிருந்த கூடையால் அவனுக்கு அடித்தார் என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகும் நாலைந்து வருடம் வேலைக்கு வந்தார். செருப்பைக் குழாயில் மாட்டினார். புல்வெளியைக் கூட்டினார். தூணைச் சுற்றி மட்டும் இரு கை விரித்த அளவு விட்டுக் கூட்டுவார். இறந்தவரின் வயதுடைய யாராவது பூங்காவுக்கு வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, அவர்கள் போகும் வரை நிற்பார். நேரம் கேட்க என் மேசைக்கு வருவது நின்றது. என்னைக் கடந்து போய்க் காவலாளியிடம் கேட்பார். பிறகு சமையற்காரரிடம் கேட்பார். அவர் ஒரு நாள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நாட்களில் நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பும் சோம்பல்தான் என்று இப்போது தெரிகிறது. என் வேலையையும் அவரே செய்துதர வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

அக்கா ஓய்வு பெறுவதற்கு முதல் நாள் அவரைத் தேடிப் போனேன். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்டைக்கு ஏன் என்ர பேரைச் சொல்லேல்லை?"

காலை அவசரமில்லாமல் துடைத்தார். "உங்களுக்காக எண்டு நினைச்சியளோ? ஒரு ஆளைத்தானே அனுப்பினனான். ரெண்டு பேரை அனுப்பியிருக்க வேணும். அது என்ர பிழைதானே."

"அப்ப என்ர பிழை?"

"அது உங்கட. அதை என்னட்டத் தாறியளோ?"

செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்கு உயர்வும் கிடைத்தது, ஓய்வூதியமும் கிடைக்கிறது. மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. முழங்கால் இரண்டும் பழுது. பல நாட்களில் காலையில் எழும்பும்போதே களைத்துப்போய்த்தான் எழும்புகிறேன்.

போன மாசியில் அக்கா இறந்தார். செத்த வீட்டுக்குச் சல்லிக்குப் போனேன். பந்தலின் கீழ் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர் இன்னொருவருக்கு அறிமுகம் சொன்னார். "தெரியாதோ? அந்தத் தூண் விசயம். எங்கட ஆக்களுக்கு மட்டும் சொன்னவ." மகள் காதில் விழுந்தது. அவள் எழுந்து உள்ளே போனாள். அங்கேயும் நான் பேசவில்லை. ஆனால் அடுத்த வெள்ளி மூதூர் பஸ்ஸில் ஏறினேன். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. லோஞ்சில் காத்திருக்கத் தேவையில்லை.

சந்தியில் இறங்கி இந்த முறை துறைப் பக்கம் நடந்தேன். அந்தச் சின்ன நடைக்கே அரை மணி நேரம் எடுத்தது. காக்காவை விசாரித்தேன். தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. விசாரணையில் எழுதிக்கொண்டிருந்தவன் என்று சொன்னேன். பிறகு அதே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரி, மழை, லோஞ்ச், சந்தி, ஓம். ஒன்றையும் குறைக்கவில்லை.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த அக்கா இருக்காவா?"

"இல்லை. போன மாசியில…"

"அப்ப ஆருக்காகச் சொல்றீங்க?"

அவர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"இத்தன வருசமா அந்தப் பொம்பிளயத் திட்டிக்கிட்டிருந்தன்" என்றார். "என்ட பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கன். இந்தத் துறை முழுக்க நான்தான் சொன்னன்."

"என்ர பிழை."

"ஓம். உங்கட பிழைதான்." எழுந்து நின்றார். கரையில் படகு ஒன்றுக்கு நாரிழை பூசிக்கொண்டிருந்த ஒரு வயதானவரைக் காட்டினார். "தப்பி வந்த ரெண்டு பேர்ல ஒருத்தர். நான் ஒருத்தன் சொன்னா ஊர் நம்பாது. வாங்க, அவருக்கும் உங்கட வாயால சொல்லுங்க. புறகு பள்ளிவாசலுக்கு முன்னால இருக்கிற ஆக்களுக்கும் சொல்லுங்க."

வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தேன். அவர் கை தரவில்லை. ஆனால் நான் எழும்பும் வரை நின்றார். மணலில் அவருக்குப் பின்னால் நடந்தேன். படகுக்காரர் வேலையை நிறுத்தி நிமிர்ந்து, வெயிலுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் முதலிலிருந்து தொடங்கினேன்.